வின்சென்டுக்கு ஒரு தம்பி

ஜெலுத்தோங் வின்சென்ட் ஜார்ஜ்டவுனில் நின்று அடித்த பந்து கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தில் போய் இறங்கியது என்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் வருஷ வாக்கில் பினாங்குத் தமிழர்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. பந்து பட்டர்வொர்த்தில்தான் இறங்கியது. அது போன விதத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. அவர் ஆடிய கிரிக்கெட் திடலின் வடக்கு ஓரம் கடல் மதில். வின்சென்ட் கண்ணை மூடிக்கொண்டு வீசிய மட்டையில் எப்படியோ பட்ட பந்து, மதிலைத் தாண்டி, அந்த நேரம் பார்த்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு சீனப் பெரியவரின் சம்பான் படகுக்குள் விழுந்தது. சம்பான் நிறைய முட்டைக்கோசு. பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். மதில் மேல் ஒரு கூட்டமே ஏறி நின்று தன்னைப் பார்த்துக் கத்துவதைக் கண்டார். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று முடிவு செய்து, துடுப்பை இரட்டை வேகத்தில் போட்டு அக்கரைக்கே போய்விட்டார். பந்தும் கூடவே போய்விட்டது.

ஒரு மாதத்துக்குள் சம்பானும் முட்டைக்கோசும் கதையிலிருந்து கழன்று விழுந்தன. பந்து மட்டும் தனியாகக் கடல் தாண்டியது.

வின்சென்ட் துறைமுகத்துக் கிட்டங்கி ஒன்றில் கிராணி. வருகிற மூட்டையை எழுதி வாங்கிப் போகிற மூட்டையை எழுதி அனுப்பும் வேலை. நல்ல உயரம், தலை நிறையச் சுருட்டை முடி, மூக்குக்குக் கீழே ஒரு மீசை. அதை வெறும் மீசை என்று சொல்லிவிட்டுப் போவது அதற்கு மரியாதை இல்லை. இரண்டு நுனியும் கன்னத்தில் ஏறி வளைந்து நிற்கும். திடலின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பவருக்கும் மட்டையோடு வருவது யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். பந்து அக்கரை போன பிறகு ஊரார் அவர் பெயருக்கு முன்னால் மீசையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

புகழ் வீட்டுக்குள் எந்த வழியாக வரும் என்பது அவர் மனைவி டோரதிக்குத் தெரிந்திருந்தது. அது பாசார் கூடை வழியாக வரும். ஜெலுத்தோங் பாசாரில் மீன்காரர், "மீசைக்காரர் வீட்டம்மாவா?" என்று கேட்டு, நிறுத்த மீனுக்கு மேலே ஒன்றைத் தூக்கிப் போடுவார். நாசி கண்டார் கடையில் வின்சென்ட் உட்கார்ந்தால், கேட்காமலே சோற்றில் இரண்டு குழம்பு கூடுதலாக விழும். முடி வெட்டும் அர்ஜுனன் அவரிடம் காசு வாங்குவதை நிறுத்திவிட்டார். மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து போனால், பெஞ்சில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள். "அதோ, அக்கரைக்கு அடிச்சவரு."

இவ்வளவு புகழுக்கும் அடியில் ஒரு சங்கடம் இருந்தது. வின்சென்ட் தன் ஆயுளில் ஒரு தடவைகூட ஐம்பது ரன் எடுத்ததில்லை.

எடுக்க விட்டால்தானே. அவர் ஆடிய நேசர் கிளப்புக்குத் திடலை ஒட்டிய சந்தில் அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருந்தது. அதன் சுவரில் கறுப்பு வர்ணம் பூசிய பலகை ஒன்று. யார் ஐம்பது எடுத்தாலும் அவர் பெயரைத் தங்க வர்ணத்தில் அதில் எழுதுவார்கள். வின்சென்ட் கால்சட்டை மாற்றுவதும் காலில் மெத்தை கட்டுவதும் அந்தப் பலகைக்கு நேர் கீழேதான். அண்ணாந்தால் பீட்டரின் பெயர் மூன்று இடத்தில் தெரியும்.

பீட்டர் கிளப்பின் கேப்டன், வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அவர் ஆடுவதைப் பார்த்தால் தபாலாபீசில் முத்திரை குத்துவது போல இருக்கும். ஊரில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. "வின்சென்ட்கூட வருவாரே, ஒல்லியா, அவரு" என்பார்கள். அதற்காகப் பீட்டர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

"அண்ணே, முதல் பத்துப் பந்தைச் சும்மா தடுத்துட்டு நில்லுங்கண்ணே. பந்து எங்க ஓடிப்போவுது?" என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சொல்வார்.

"நான் தடுத்தா அவனுங்க தடுக்க விடுவானுங்களா?"

விடமாட்டார்கள். வின்சென்ட் ஒரு பந்தைத் தடுத்தாலே திடலோரத்தில் முனகல் எழும். இரண்டாவதைத் தடுத்தால், "அண்ணே, அக்கரைலா! அக்கரை!" என்று கூச்சல். மூன்றாவது பந்துக்கு அவர் கை தானாகவே தூக்கிவிடும். சில நாள் மதில் வரை போகும், பல நாள் எதிராளி கையில் போய் உட்காரும். எட்டு, பன்னிரண்டு, ஒரு தடவை இருபத்தொன்று. கூட்டம் எல்லாவற்றுக்கும் கை தட்டும். வின்சென்டுக்கோ வயது முப்பத்தாறு. படி இறங்கும்போது வலது முழங்கால் பேசத் தொடங்கியிருந்தது. இனி எத்தனை வருஷம் ஆட முடியும்? அந்தப் பலகையில் ஒரு வரி, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்த வருஷம் அவர்களுடைய ஆறு வயது மகள் லீனாவுக்கு விஷக்காய்ச்சல் வந்து, வீட்டையே ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போனது. பிள்ளை எழுந்து கஞ்சி குடித்த வாரம், ராத்திரிச் சாப்பாட்டின்போது டோரதி பேச்செடுத்தாள்.

"ஏங்க, லீனாவுக்காக வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். செலுத்தணும்."

"செலுத்திட்டாப் போச்சு. என்ன, மெழுகுத்திரியா?"

"முடி."

"பிள்ளைக்குத்தானே? எடுத்துடலாம், திரும்ப வளந்துரும்."

"பிள்ளைக்கு இல்லீங்க. உங்களுக்கு."

வின்சென்ட் சோற்றில் வைத்த கையை எடுக்க மறந்தார்.

"மீசையும் சேத்துதான்" என்றாள் டோரதி, அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டே.

"மீசையுமா! என்னைக் கேக்காம என் மீசையை நீ எப்படி நேர்ந்துப்பே? உனக்குக் கூந்தல் இல்லையா?"

"மாதாகிட்டப் போயி, வீட்ல இருக்கிறதுல மட்டமானதையா குடுக்கிறேன்னு சொல்லுவாங்க? ஊரே கொண்டாடுதே, அதைக் குடுத்தாத்தானே மரியாதை. பக்கத்து வீட்டுச் சவுந்தரம் அக்கா வெள்ளிக்கிழமை நாகப்பட்டினம் கப்பல்ல போவுது. குடுத்தனுப்பினாக் கோயில்ல சேத்துரும்."

"ஞாயித்துக்கிழமை தைப்பிங் டீமோட மேட்ச் இருக்குடி."

"மாதாவுக்குத் தெரியும்."

அர்ஜுனன் முதலில் ஒப்பவே இல்லை. "அண்ணே, வேற ஆளப் பாருங்க. இந்த மீசையை எடுத்தது நான்தான்னு தெரிஞ்சா, எவன் என் கடைப்படி ஏறுவான்?" என்றார். கடைசியில், கடைக்கு வெளியே, வின்சென்ட் வீட்டுக் கொல்லையில், கதவைச் சாத்திக்கொண்டு, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று டோரதியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, வேலையை முடித்தார். பிஸ்கோத்து டின் ஒன்றில் அடைத்துச் சவுந்தரம் அக்காவிடம் கொடுத்தார்கள். மானம் கப்பலேறுவது எல்லா ஊரிலும் நடப்பது. பினாங்கிலிருந்து ஒரு மீசை கப்பலேறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஞாயிறு மத்தியானம் கொட்டகைக்குள் நுழைந்த வின்சென்டைப் பார்த்து அணிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அத்தாப்புத் தூசி உதிர்ந்தது. முடி போனதால் தொப்பி புருவம் வரை இறங்கியது. பீட்டர் உள்ளே கைக்குட்டையை மடித்து வைத்துப் பார்த்தார். அப்படியும் காது மூடிக்கொண்டது.

வெளியே நல்ல கூட்டம். நிழலில் ஷேக் அலாவுதீனின் மோட்டார் கெரேத்தா வந்து நின்றுவிட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிரே ஜவுளிக்கடை வைத்திருந்தவர் அவர். ஊரே அவரை நானா என்று கூப்பிடும். கிளப்புக்குப் பந்து, மட்டை, கொட்டகை, பலகை, பலகையின் தங்க வர்ணம் எல்லாம் அவர் தயவு. ஆட்டத்தின் சட்டதிட்டம் எதுவும் அவருக்குத் தெரியாது. வின்சென்ட் அடிப்பதைப் பார்ப்பார், வின்சென்ட் அவுட்டானதும் வண்டியேறிவிடுவார்.

வின்சென்ட் மட்டையோடு வெயிலில் இறங்கினார். வழக்கமாக வரும் கூச்சலுக்குத் தோளைத் தயார் செய்துகொண்டு நடந்தார். கூச்சல் வரவில்லை.

"யாருடா இந்த மொட்டை?"

"மீசை எங்க? வரலையா?"

"உடம்பு சரியில்லை போல லா."

முதல் பந்து வந்தது. தடுத்தார். பூனைக்குட்டி மாதிரி பந்து காலடியில் கிடந்தது. முனகலுக்காகக் காத்திருந்தார். ஒரு முனகலும் இல்லை. அடுத்ததையும் தடுத்தார். கடல் அலை மதிலில் மோதும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமாக அந்தத் திடலில் ஆடுகிறார், கடலுக்குச் சத்தம் உண்டு என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற நினைப்பு, புதுச்சட்டை போட்டுக்கொண்டது போல் உடம்புக்குச் சுகமாக இருந்தது. மூன்றாவது பந்தை மெதுவாகத் தள்ளிவிட்டு ஒரு ரன் ஓடினார்.

வண்டிக்குள் நானா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பீட்டரு, வின்சென்ட் எங்கே?"

"அதோ நானா, ஆடறாரே."

"வயசான ஆளுகிட்ட விளையாடாதே தம்பி."

"சத்தியமா நானா, அவருதான்."

"வின்சென்ட் இப்பிடியா ஆடுவாரு? போப்பா."

வண்டியை ஒட்டி நின்ற ஒருவர் நானாவைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "நடை மட்டும் அப்படியே வின்சென்ட் நடைதான் நானா. தம்பியா இருக்கும். நிபோங் திபால் பக்கம் கித்தாத் தோட்டத்துல கிராணியா ஒரு தம்பி இருக்கிறதாக் கேள்வி" என்றார். அந்தக் கேள்வியை அவர் யாரிடமிருந்தும் கேட்கவில்லை. ஆனால் திடலை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் தம்பிக்கு ரப்பர் தோட்டம், துரை, சைக்கிள் எல்லாம் அமைந்துவிட்டன. அண்ணனுக்கு வயிற்றுப்போக்கு, அதனால் தம்பியை அனுப்பியிருக்கிறான் என்றும் முடிவாகிவிட்டது.

வின்சென்ட் ஐம்பதாவது ரன்னை ஓடி முடித்தபோது, கூட்டத்தில் பாதிப்பேர் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஐஸ் போட்ட செண்டோல் விற்கும் வண்டியைச் சுற்றி நின்றார்கள். மீதிப்பேர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கை தட்டியவர்கள் அணிக்காரர்கள் மட்டும். பீட்டர் தட்டிய தட்டில் அவர் கைக்கடிகாரம் கழன்று விழுந்தது. ஐம்பத்து மூன்று, அவுட்டாகாமல். தைப்பிங்காரர்கள் தோற்றுப்போனார்கள்.

வின்சென்டின் கால் தரையில் பாவவில்லை. நேராகக் கெரேத்தாவுக்கு ஓடினார். நானா தலையணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவர், விழித்துப் பார்த்தார்.

"நானா! அம்பது போட்டுட்டேன்!"

நானா அவரை மேலும் கீழும் பார்த்தார். "குரல்கூட அண்ணன் குரல்தான்" என்றார் டிரைவரிடம். பிறகு வின்சென்டிடம், "நல்லா ஆடினீங்க தம்பி. அண்ணன்கிட்டச் சொல்லுங்க, நான் வந்து காத்துக்கிடந்தேன்னு. ஓமத்தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்றார். வண்டி போய்விட்டது.

மறுநாள் மீன்காரர் மீனைச் சரியாக நிறுத்தார். மேலே ஒன்றும் விழவில்லை.

"கொழுந்தனாராமே அக்கா, நேத்து ஆடினது? மொளகா இடிக்கிற மாதிரி டொக்கு டொக்குன்னு."

"கொழுந்தனாரும் இல்லை, யாரும் இல்லை. எங்க வீட்டுக்காரருதான் ஆடினாரு" என்றாள் டோரதி.

"விட்டுக்குடுக்காமப் பேசறீங்க. நல்ல குடும்பம்" என்று மீன்காரர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

கூடையோடு வந்த டோரதி வாசலிலேயே சொன்னாள்: "அம்பது அடிச்சீங்க சரி. ஒரு மீன் குறைஞ்சுபோச்சு."

பலகையில் பெயர் எழுத நானாவின் உத்தரவு வேண்டும். பீட்டரும் வின்சென்டும் கடைக்குப் போனார்கள். நானா பாயில் உட்கார வைத்து, தேத்தண்ணி வரவழைத்தார். மொட்டைத் தலையைப் பார்த்து முதலில் தம்பி என்றே பேசினார். வின்சென்ட் கிளப்பின் பழைய கதைகள் நாலைந்தைச் சொன்ன பிறகுதான் அண்ணன் என்று ஒப்புக்கொண்டார்.

"சரி, நீங்க வின்சென்ட்தான். உங்களுக்கும் மொட்டையா?"

"எனக்குத்தான் நானா மொட்டை. ஞாயித்துக்கிழமையும் நான்தான்."

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேந்து நேர்த்திக்கடன் குடுத்தீங்களாக்கும்."

"எனக்குத் தம்பியே கிடையாது நானா!"

நானாவின் முகம் வாடிவிட்டது. "கூடப்பிறந்தவனை இல்லேன்னு சொல்லலாமா? அம்பது அடிச்சிட்டான்னு பொறாமைப்படாதீங்க வின்சென்ட். அல்லா பொறுக்கமாட்டான்."

பீட்டர் இடையில் புகுந்தார். "நானா, நான் சாட்சி. பதினோரு பேரும் சாட்சி."

"நீ நல்ல பிள்ளை பீட்டரு. சிநேகிதனுக்காகப் பொய்கூடச் சொல்றே."

அர்ஜுனனைக் கூப்பிடலாம் என்றால் அவருக்கு டோரதி செய்துகொடுத்த சத்தியம் இருந்தது. மீசையைக் காட்டலாம் என்றால் அது வங்காள விரிகுடாவில் போய்க்கொண்டிருந்தது.

"அப்ப நான் என்னதான் செய்யணும்? சொல்லுங்க, செய்றேன்" என்றார் வின்சென்ட்.

"வர்ற ஞாயிறு ஆட்டம் இருக்குல்ல? மதிலுக்கு மேல அடிச்சுக் காட்டுங்க. நீங்கதான் வின்சென்ட்னு ஊரு ஒத்துக்கும்."

"ஒத்துக்கிட்டா அம்பது என் பேருக்கு வந்துருமா?"

"அதெப்படி வரும்? நீங்க அடிக்கிற ஆளுன்னு ஆயிருச்சுன்னா, அடிக்காம ஆடினவரு வேற ஆளுதானே?"

"அடிக்காம மறுபடியும் அதே மாதிரி ஆடினா?"

"அப்பத் தம்பிதான் ஆடுறாருன்னு அர்த்தம். இதுல என்ன குழப்பம்?" நானாவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."

தெருவுக்கு வந்ததும் பீட்டர் சொன்னார்: "அண்ணே, ஞாயித்துக்கிழமை இன்னொரு அம்பது போட்ருங்க. தொப்பி வேணாம். மூஞ்சி நல்லாத் தெரியட்டும். எத்தனை நாளைக்குத் தம்பிம்பாங்க?"

வின்சென்டுக்கும் அதுதான் சரி என்று பட்டது. வாரம் முழுவதும் கண்ணாடியைப் பார்த்தார். உதட்டுக்கு மேலே எறும்பு ஊர்ந்தது போல ஏதோ வளர்ந்திருந்தது.

அந்த ஞாயிறு கூட்டம் மதில் மேல் வரை நின்றது. அண்ணன் வருவானா, தம்பி வருவானா என்று பார்ப்பதற்கே பாதிப்பேர் வந்திருந்தார்கள். வின்சென்ட் வெறுந்தலையோடு இறங்கினார். முதல் பந்தைத் தடுத்தார். இரண்டாவதையும் தடுத்தார். மூன்றாவதைத் தள்ளிவிட்டு ஒரு ரன் ஓடினார்.

"தம்பியைத்தான்டா மறுபடியும் அனுப்பிட்டான்!"

"டேய் நிபோங் திபால்! தோட்டத்துக்குப் போடா! அண்ணனை வரச் சொல்லு!"

வின்சென்ட் பல்லைக் கடித்துக்கொண்டார். கடல் சத்தத்தைக் கேட்கப் பார்த்தார், அன்றைக்குக் கேட்கவில்லை. இருந்தாலும் நிதானமாகவே ஆடினார். ஆறு, ஒன்பது, பதினொன்று. கை சொன்னபடி கேட்டது. இப்படியே போனால் இன்னொரு ஐம்பது நிச்சயம் என்று எதிர்முனையில் நின்ற பீட்டருக்குத் தோன்றியது.

அந்த நேரத்தில் நானாவின் கெரேத்தா உறுமியது. டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். பின்சீட்டில் நானா கதவை இழுத்துச் சாத்துவதை வின்சென்ட் பார்த்தார். செண்டோல் வண்டியை நோக்கிக் கூட்டம் நகர்வதையும் பார்த்தார்.

அடுத்த பந்து மோசமான பந்து, அடிக்க வேண்டிய பந்துதான் என்று வின்சென்ட் பின்னாளில் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்ததிலேயே நல்ல பந்து அதுதான் என்பது பீட்டரின் கட்சி. எப்படியோ, வின்சென்டின் கை தூக்கிவிட்டது. பந்து கோபுர உயரத்துக்குப் போனது. கடலுக்குப் போகிறதா திடலுக்குத் திரும்புகிறதா என்று யோசிப்பது போல மேலே சற்று நின்றது. பிறகு, மதிலில் முதுகு ஒட்டி நின்ற எதிராளி ஒருவர் கைக்குள் இறங்கியது. அவுட்.

திடலே எழுந்து கூவியது.

"நம்ம ஆளு! நம்ம ஆளேதான்!"

"வேற எவன்டா இப்பிடி அவுட்டாவான்!"

யார் யாரோ ஓடிவந்து அவரைத் தோளில் தூக்கினார்கள். எதிரணியின் ஆட்கள், இவ்வளவு சந்தோஷப்பட என்ன நடந்துவிட்டது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானா வண்டியை விட்டு இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன் வின்சென்ட், மன்னிச்சுருங்க. உங்க தம்பி மேலயும் எனக்குக் கோபம் இல்லை. அம்பத்திமூணு அம்பத்திமூணுதான். நியாயத்துக்குப் பலகையில போட்டே ஆகணும். அவரு பேரு என்ன?"

வின்சென்ட் மூன்று பேர் தோள்மேல் ஆடிக்கொண்டிருந்தார். தம்பி இல்லை என்று அங்கிருந்து கத்தலாம். கத்தினால் ஐம்பத்து மூன்றுக்கு ஆளே இல்லாமல் போகும், பலகையில் அந்த வரியும் வராது. கீழே பீட்டர் கையை விரித்துக் காட்டினார். சின்ன வயதில் கோயிலில் உறுதிபூசுதல் சடங்கின்போது மேற்றிராணியார் வின்சென்டுக்கு வைத்த இன்னொரு பெயர் உண்டு. அதை அதற்குப் பிறகு யாரும் கூப்பிட்டதில்லை. கோயிலில் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டதோடு டோரதியும் மறந்திருப்பாள்.

"பெஞ்சமின்" என்றார் வின்சென்ட்.

புதன்கிழமை பலகையில் தங்க வர்ணம் ஏறியது. பெஞ்சமின், ஐம்பத்து மூன்று, அவுட்டாகாமல். அந்த வாரமே மீன்காரர் பழையபடி ஒன்றைத் தூக்கிப் போட்டார். "கொழுந்தனாரையும் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். டோரதி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். குழம்புக்கு ஆகும்போது எதற்கு வாதம்?

வின்சென்ட் அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஆடினார். ஒவ்வொரு தடவையும் தூக்கி அடித்தார், ஒவ்வொரு தடவையும் கூட்டம் கை தட்டியது, ஐம்பது வரவே இல்லை. பெஞ்சமின் ஒரு பந்துகூட ஆடவில்லை. ஆனால் வளர்ந்தது பெஞ்சமின்தான். துரை லீவு கொடுக்காததால் வர முடியவில்லை என்றார்கள். விடிவதற்கு முன்னால் கித்தா மரங்களுக்கு நடுவே தனியாக நின்று பழகுகிறார் என்றார்கள். அந்த ஐம்பத்து மூன்றில் ஒரு பந்துகூட ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பவில்லை என்று சொன்னவர்கள், அன்றைக்குச் செண்டோல் வண்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள். நானா ஹரிராயா பெருநாளுக்கு வின்சென்டுக்கு ஒரு கைலி அனுப்பினால், தம்பிக்கென்று இன்னொன்றும் வரும். இரண்டையும் வின்சென்டே உடுத்தினார்.

நாகப்பட்டினத்திலிருந்து திரும்பிய சவுந்தரம் அக்காதான் காரியத்தைச் சிக்கலாக்கினாள். பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் தனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்று அவளுக்கு வருத்தம். வருத்தம் ஆறியதும், "தோட்டத்துக் கிராணி, கல்யாணம் ஆகலை, கெட்ட பழக்கம் இல்லைன்னு ஊரே சொல்லுது. என் அண்ணன் மகளைத் தரலாம்னு பாக்கிறேன். என்னா சொல்றே டோரதி?" என்று வந்து நின்றாள்.

இல்லாத ஆளை இல்லை என்று நிரூபிக்க முடியாது என்பதை டோரதி அதற்குள் படித்திருந்தாள்.

"அவரு மேடானுக்குப் போயிட்டாருக்கா. நல்ல வேலையாம். திரும்ப மாட்டாரு."

அன்று சாயங்காலம் விஷயத்தைக் கேட்டு வின்சென்ட் குதித்தார். "என்னைக் கேக்காம எப்படி அவனை மேடானுக்கு அனுப்புவே?"

"பின்னே, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

கடல் தாண்டி மேடானுக்குப் போனது பெஞ்சமினுக்கு இன்னும் நல்லதாகப் போயிற்று. டச்சுக்காரர்களுக்கு அவர் மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார் என்று ஒரு மாதத்தில் சேதி வந்தது.

முப்பத்தைந்தாம் வருஷம் முழங்கால் முழுதாகக் கைவிட்டதும் வின்சென்ட் ஆட்டத்தை நிறுத்தினார். மீசையில் நரை ஏறிவிட்டதால் அதையும் சின்னதாகக் கத்தரித்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை கிட்டங்கி விட்டு வரும் வழியில் கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேசையில் இரண்டு வாலிபக் கிராணிகள். ஒருவன் நேசர் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவன். வின்சென்ட் பெரிய ஆளா, பெஞ்சமின் பெரிய ஆளா என்று மேசையைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பந்தை அக்கரைக்கு அடிச்சவருடா! பினாங்குல பச்சைப் புள்ளைக்குக்கூட அவரைத் தெரியும்."

"தெரிஞ்சா? வெறும் சத்தம்டா அது. பலகையைப் போய்ப் பாரு, வின்சென்ட் பேரு எங்கயாச்சும் இருக்கா? பெஞ்சமின் ஒரே ஒரு தடவை வந்தாரு, போட்டாரு, போயிட்டாரு. ஆட்டக்காரன்னா அவரு."

"ஒரே தடவை வந்தவரை யாருக்குடா தெரியும்? கூட்டம் கூடுச்சா அவருக்கு?"

"கூட்டம் கூடினா ஆட்டமா? அப்ப செண்டோல்காரன்தான் பெரிய ஆட்டக்காரன்."

வின்சென்டின் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஒருத்தன் வாயைத் திறந்தால் பெருமையாக இருந்தது, மற்றவன் வாயைத் திறந்தால் சுருக்கென்றது. அடுத்த நிமிஷம் அதுவே மாறி வந்தது. பொறுக்க முடியாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"தம்பி, பெஞ்சமின்தான் நல்லா ஆடினவன். அதுல சந்தேகமே வேணாம்."

வின்சென்ட் கட்சிக்காரன் முறைத்தான். "நீங்க அந்த ஆட்டத்தைப் பாத்தீங்களா அங்கிள்?"

வின்சென்ட் யோசித்தார். மட்டையைப் பிடித்த கை ஞாபகம் இருந்தது, காலடியில் கிடந்த பந்து ஞாபகம் இருந்தது. எப்படி ஆடினார் என்று பார்த்தவர் பீட்டர். பீட்டரும் தைப்பிங்குக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

"பாக்கலை" என்றார்.

"அப்பச் சும்மா இருங்களேன். பாத்தவங்களே அடிச்சுக்கிறாங்க."

வின்சென்ட் நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆறிய கோப்பியை எடுத்தார்.